எந்தப் பக்கம் திறக்கும் இந்தக் கதவு?

காணும் பொங்கலன்று வண்டலூருக்குப் போயிருப்பீர்கள், தோழர்களே! ஆண்டெல்லாம் ஆலையிலும் அச்சுக்கூடத்திலும் பணிமனையிலும் வாடிய உடல் அன்று ஒரு நாள்தான் நிமிர்கிறது. புளிச்சோற்றுப் பொட்டலம் ஒரு கையில், பிள்ளையின் பிஞ்சு விரல் மறு கையில். கூட்டம் நெரிக்கும், வெயில் எரிக்கும், கால் கடுக்கும். இருந்தால் என்ன! "அதோ பார் புலி!" என்று பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிற அந்த நொடியில், நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசின் வருத்தம் பறந்தே போகிறது. உழைப்பவனுக்கு அந்த ஒரு நாள் மகிழ்ச்சியும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளை புலியைப் பார்க்கட்டும். ஆனால் புலியைப் பார்த்த பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், அதற்கு விடை சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

வேறோர் ஊரின் காட்சிசாலை, பெயர் எதற்கு? கம்பிக்கு அப்பால் ஒரு புலி. பத்தடி நடக்கும், திரும்பும். பத்தடி நடக்கும், திரும்பும். திரும்புகிற இடமும் மாறவில்லை, தூக்கி வைக்கிற காலும் மாறவில்லை. அது நடந்து நடந்து, புல் தேய்ந்து, மண்ணில் ஒரு தடமே விழுந்திருந்தது. என் பக்கத்தில் தந்தையின் தோளில் இருந்த சிறுவன் கேட்டான்: "ஏம்ப்பா அது போய்ப் போய் வருது?" தந்தை, தறிக்காரத் தோழர் என்று பின்னர் அறிந்தேன், சற்றே விழித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குப் பொழுது போகலடா."

பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்! 2003-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்டில் நெடுந்தொலைவு சுற்றித் திரியும் பிராணி எதுவோ, அதுதான் கூண்டில் மிகுதியாக இப்படிப் போய்ப் போய் வருகிறது. அதன் குட்டிதான் மிகுதியாகச் சாகிறது. பனிக்கரடிக்குக் காட்சிசாலை ஒதுக்குகிற இடம், அது பனிவெளியில் ஆள்கிற பரப்பில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பத்து இலட்சத்தில் ஒன்று! ஊரையே வளைத்து ஆண்டவனைப் பிடித்து உள்ளங்கை அளவு இடத்தில் நிறுத்தி, "சோறு போடுகிறோமே, சுகமாக இரு" என்பது போல.

இந்தச் சிறுவனின் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களை நெடுந்தொலைவு அழைத்துப் போகிறேன், நியூயார்க் நகரத்துக்கு. அங்கே பிராங்க்ஸ் என்னும் பகுதியில் ஒரு விலங்குக் காட்சிசாலை இருக்கிறது. 1899-இல் திறந்தது, உலகில் பேர்போனது. விலங்குகளைக் காக்கிறோம் என்று சொல்லுகிற காட்சிசாலைகள் எத்தனையோ இருக்க, இதை ஏன் தேர்ந்தேன்? காப்பதும் கெடுப்பதும் ஒரே வேலிக்குள், ஒரே ஆளின் கையால், ஓராண்டு இடைவெளியில் நடந்த இடம் அது.

1906-ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம். குரங்குக் கூடத்தின் முன்னே கூட்டம் அலைமோதியது. உள்ளே ஓர் உராங்குட்டான். அதன் பக்கத்தில் ஒரு வாலிபர். ஆம், தோழர்களே, மனிதர்! வெளியே ஒரு பலகை: உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 103 பவுண்டு, வயது 23, இந்த மாதம் பிற்பகல்தோறும் காட்சி. பெயர் ஓட்டா பெங்கா. ஆப்பிரிக்கக் கண்டத்துக் காங்கோ நாட்டவர். அந்தக் காங்கோ அப்போது யாருக்குச் சொந்தம் தெரியுமா? பெல்ஜிய நாட்டு அரசர் லியோபோல்டு என்ற ஒற்றை மனிதருக்கு! நாடே ஒருவரின் சொத்து. ரப்பர் குறைந்தால் கை வெட்டு என்ற கொடுமை நடந்த காலம் அது. அங்கிருந்து 1904-இல், செயின்ட் லூயிஸ் நகரத்து உலகப் பொருட்காட்சிக்காக, வெர்னர் என்பவர் இந்த வாலிபரை அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்று எழுதக் கை கூசுகிறது. கொண்டு வந்தார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். சீண்டினார்கள். அவர் போகிற இடமெல்லாம் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரே ஞாயிற்றுக் கிழமையில் 40,000 பேர் வந்ததாக அந்நாளைய ஏடுகள் எழுதின. அவன் என்றும் அது என்றும் குறித்தார்கள். நாம் அவர் என்போம். அவருடைய இனத்து வழக்கப்படி பற்கள் கூராக்கப்பட்டிருந்தன. போதாதா? "நரமாமிசம் தின்பவன்" என்று கதை கட்டினார்கள்.

கருப்பின மக்களின் பாதிரிமார்கள் கொதித்தெழுந்தனர். புரூக்ளினில் கருப்பினப் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திவந்த ஜேம்ஸ் கார்டன் என்பவர் முன்னே நின்றார். "எங்கள் இனம் பட்டது போதாதா, எங்களில் ஒருவரைக் குரங்கோடு நிறுத்த வேண்டுமா?" என்பதே அவர் கேட்டதன் பொருள். நகர மேயரிடம் போனார்கள். மேயர் பார்க்க மறுத்தார். பெரிய ஏடு ஒன்று, இதில் இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று எழுதியது. எதிர்ப்பு ஓயவில்லை. மாதக் கடைசியில் ஓட்டா பெங்கா விடுவிக்கப்பட்டு அந்த அனாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு வர்ஜினியா மாநிலத்து லிஞ்ச்பர்க் ஊரில் இருந்தார். புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நம்மைப் போல ஒரு தொழிலாளி. ஊருக்குத் திரும்ப ஏங்கினார். உலகப் போர் மூண்டது, வழி அடைந்தது. 1916 மார்ச் 20-ஆம் நாள் துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

அந்தக் காட்சிசாலையை நடத்தும் சங்கம் இதற்கு வருத்தம் தெரிவித்த ஆண்டு 2020. நூற்றுப் பதினான்கு ஆண்டுகள்! மன்னிப்பு நடந்தே வந்தது போலும்.

இதைச் செய்தவர்கள் யார்? கல்வியறிவற்ற முரடர்களா? இல்லையே! காட்சிசாலையின் தலைவர் வில்லியம் ஹார்னடே, விலங்கியல் அறிஞர். இளமையில் நம் ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் வந்து, யானையும் புலியும் காட்டுமாடும் சுட்டு, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குத் தோலும் எலும்பும் அனுப்பியவர். அந்த வேட்டைக்காரர் பிற்காலத்தில் மனம் மாறி, விலங்குகள் அழிகின்றனவே என்று ஊர் ஊராய்க் கதறியவர். சங்கத்தின் செயலாளர் மேடிசன் கிராண்ட், வழக்கறிஞர். கலிபோர்னியாவில் வானளாவும் செம்மரங்களைக் காக்கச் சங்கம் கண்டவர்களுள் ஒருவர். அதே கிராண்ட் 1916-இல், ஓட்டா பெங்கா மாண்ட அதே ஆண்டில், வடபுலத்து வெள்ளையரே உயர்ந்த இனம், மற்றவர் கலப்பால் அது கெடுகிறது என்று ஒரு நூல் எழுதினார். ஜெர்மானிய நாஜிகள் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். மரத்தின் மீது அவ்வளவு பாசம். மனிதர் மீது அத்தனை பேதம்!

பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற ஏணியைப் பற்றி இந்த ஏட்டின் வாசகருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த ஏணியின் உச்சியில் நிற்பவன் பார்ப்பான். அடியில் நிற்பவர் பார்க்கப்படுவர். வேடிக்கை பார்ப்பவனுடைய அந்தக் கண்ணைத்தான் சொல்லுகிறேன். ஐரோப்பாவில் அகழியும் பாறையும் கட்டிக் கம்பியில்லாக் காட்சிசாலை கண்டவர் என்று புகழப்படும் ஹாம்பர்க் நகரத்து ஹாகன்பெக் இருக்கிறாரே, அவர் 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதர்களையும் சேர்த்தே கொண்டுபோய் ஊர் ஊராகக் காட்டினார். ஒரே விளம்பரம். ஒரே சீட்டு.

"மனிதரையும் மிருகத்தையும் ஒன்றாக்கிப் பேசுகிறாயே, அந்த வெள்ளையன் செய்த இழிவை நீயும் செய்கிறாயே" என்று தோழர் யாரேனும் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. கார்டன் கொதித்ததே அதற்காகத்தானே! நான் ஒப்பிடுவது உள்ளே நிற்பவர்களை அல்ல. வெளியே நிற்கிற கண்ணை. 1906-இல் ஓட்டா பெங்காவைப் பார்த்துச் சிரித்த அதே கண், கூண்டுக்குள் எதை நிறுத்தினாலும், "இதற்கும் ஒரு வாழ்க்கை உண்டோ?" என்று கேட்கத் தவறுகிறது. அந்தத் தவற்றை அதே காட்சிசாலையில் இன்னொரு கதை காட்டுகிறது.

அது ஒரு யானையின் கதை. ஆசிய யானை, பெண். பெயர் ஹேப்பி. ஹேப்பி என்றால் மகிழ்ச்சி! என்ன துணிச்சல், பெயர் வைத்தவருக்கு! 1970-களின் தொடக்கத்தில் கன்றாகப் பிடித்துக் கடல் கடத்தப்பட்ட ஏழு கன்றுகளில் ஒன்று. ஒரு பொம்மைக் கதையில் வருகிற ஏழு குள்ளர்களின் பெயரை ஏழுக்கும் சூட்டினார்கள். 1977-இல் கிரம்பி என்ற துணையோடு பிராங்க்ஸுக்கு வந்தது. 2002-இல் வேறு இரு யானைகள் தாக்கிக் கிரம்பி மாண்டது. பிறகு ஒரு துணை சேர்த்தார்கள், அதுவும் மாண்டது. 2006 முதல் ஹேப்பிக்குக் கூடிவாழத் துணையில்லை. வேலிக்கு அப்பால் இன்னொரு யானை இருக்கிறது, துதிக்கையால் தொட்டுக்கொள்ளலாம் என்று காட்சிசாலை சொன்னது. சிறையில் பார்வையாளர் நேரத்தில் கம்பி வழியே விரல் தொட்ட தோழர்களுக்குத் தெரியும், அந்தத் தொடுதல் எத்தகையது என்று.

இந்த ஹேப்பி சாதாரண யானை அல்ல. 2005-இல் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்திச் சோதித்தார்கள். நெற்றியில், தானே நேராகப் பார்க்க முடியாத இடத்தில், வெள்ளையில் ஒரு பெருக்கல் குறி. ஹேப்பி கண்ணாடியைப் பார்த்தது. துதிக்கையைத் தூக்கித் தன் நெற்றியில் இருந்த குறியைத் தொட்டது, மீண்டும் மீண்டும். கண்ணாடிக்குள் தெரிவது நான்தான் என்று ஒரு யானை அறிந்துகொண்டதை உலகம் முதன்முதலாகக் கண்டது. அறிவு இருக்கிறது என்று உலகுக்கு அறிவித்தார்கள். சோதித்த மறு ஆண்டே தனிமை!

2018-இல் இந்த யானைக்காக ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. ஆட்கொணர்வு என்றால் என்ன என்று நம் இயக்கத்தாருக்கு யாரும் அகராதி புரட்டிச் சொல்ல வேண்டாம். 1976-இல் சிறை வாசலில் கால்கடுக்க நின்ற தாய்மாரைக் கேளுங்கள். "அடைத்து வைத்திருக்கிறாயே, எந்த நியாயத்தின்படி? நீதிமன்றத்தில் வந்து சொல்" என்று கேட்கிற மனு. வழக்கு நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போனது. 2022 ஜூன் 14-இல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள், யானை அறிவுள்ளதுதான், பரிவுக்குரியதுதான், ஆயினும் இந்த மனு மனிதருக்கே உரியது என்றார்கள். இருவர் மறுத்து எழுதினார்கள். யானை தோற்றது. தோற்றாலும், ஓர் யானையின் தனிமையைப் பற்றி எழுவர் அமர்ந்து பக்கம் பக்கமாக எழுத வேண்டி வந்ததே, அதைச் சிறிது என்று நான் கருதமாட்டேன்.

ஒரு கணக்கு சொல்லுகிறேன். தொழிலாளத் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பர்மாக் காடுகளில் மரம் இழுக்கிற பெண் யானைகளையும், ஐரோப்பியக் காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளையும் ஒப்பிட்டு 2008-இல் ஆய்வு வெளியாயிற்று. காட்சிசாலை யானையின் வாழ்நாள், நடுக்கணக்கில் 18.9 ஆண்டு. பாரம் இழுக்கிற பர்மா யானைக்கு 41.7 ஆண்டு! முதுகு ஒடிய உழைத்த யானை, உட்கார வைத்துச் சோறு போட்ட யானையைவிட இரு மடங்குக்கு மேல் வாழ்ந்தது. ஏன்? பர்மா யானை வேலை முடிந்ததும் இரவில் காட்டுக்குள் அவிழ்த்து விடப்படுகிறது. மேயலாம், நடக்கலாம், கூட்டத்தோடு சேரலாம். மற்றதற்கோ வைத்தியர் உண்டு, வாளி நிறையத் தீனி உண்டு, காலுக்கடியில் சிமெண்டுத் தரை உண்டு. தீனி மட்டும் வாழ்வாகுமா என்ற கேள்வியை நாம் நமக்காகவே பல மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

நம் நாட்டில் இந்த உண்மை ஓரளவு உறைத்தது. காட்சிசாலைகளுக்கான மத்திய ஆணையம் 2009-இல், யானைகளைக் காட்சிசாலையில் வைத்திருக்க வேண்டாம், முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் அனுப்புங்கள் என்று சொல்லிற்று. சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உத்தரவு போடுகிற கை வேறு, யானையை ஏற்றுகிற லாரி வேறு. டால்பின் கதை இதைவிட நமக்கு அருகில் நடந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், 1998-இல், பல்கேரியா நாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டு வித்தை காட்டினார்கள். பந்து விளையாடும், வளையம் தாண்டும், பிள்ளைகள் கைகொட்டும். சில மாதங்களுக்குள் அவை மாண்டன. கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல் அலையடித்துக்கொண்டிருக்க, தொட்டித் தண்ணீரில் மாண்டன! 2013-இல், இனி டால்பின் காட்சிக்கூடம் எங்குமே கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அந்தத் தடைக்கான காரணங்களில் சென்னைச் சாவும் ஒன்று.

"அப்படியானால் எல்லாக் காட்சிசாலையையும் இழுத்து மூடிவிடலாமா?" முழக்கத்துக்கு ஏற்ற கேள்வி, ஆனால் முழக்கமிட்டு முடிக்கிற விஷயம் அல்ல இது. மூடியிருந்தால், அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் இன்று உலகில் இராது. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் ஏறி வந்து பாலைவனத்தில் அந்த இனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, 1962-இல் சிலவற்றைப் பிடித்து, வேறிடங்களிலிருந்து சிலவற்றைச் சேர்த்து, ஒன்பதே ஒன்பதைக் கொண்டு அமெரிக்காவின் பீனிக்ஸ் காட்சிசாலையில் வளர்த்தார்கள். 1972-இல் காட்டில் இருந்த கடைசி மானும் சுடப்பட்டது. 1982-இல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். அங்கும் திருடர் கை நீண்டது. 2007-இல் ஓமன் அரசே எண்ணெய்க்காகச் சரணாலயத்தின் பெரும்பகுதியைச் சுருக்கிக்கொண்டது. ஆனாலும் பிற பாலைவனங்களில் இன்று அது மேய்கிறது, ஓடுகிறது, ஈனுகிறது.

ஆகவே, "நாங்கள் காக்கிறோம்" என்று ஒரு காட்சிசாலை மார்தட்டும்போது நான் பலகையைப் படிப்பதில்லை. கதவைப் பார்க்கிறேன். அது உள்ளே மட்டும் திறக்கிற கதவா, வெளியேயும் திறக்கிற கதவா? எத்தனை வந்தன என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை போயின என்று எங்கே எழுதியிருக்கிறது? திரும்பிப் போக முடியாதவை உண்டு. காயம்பட்டவை, கூண்டிலேயே பிறந்து காட்டை அறியாதவை. அவற்றுக்கு இடமும் இணையும் நிழலும் தரட்டும், யார் வேண்டாம் என்றார்? ஆனால் கன்றைப் பிடித்து, கூட்டத்தைப் பிரித்து, தனியே நிறுத்தி, நுழைவுச் சீட்டு கிழித்துவிட்டு, அதற்கும் காப்பு என்றே பெயர் வைத்தால்?

கதவு வெளியே திறந்த ஒரு நாளைச் சொல்லுகிறேன். அதே பிராங்க்ஸ். அதே ஹார்னடே. ஓட்டா பெங்கா வெளியேறிப் பதின்மூன்று மாதம் கூட ஆகவில்லை.

அமெரிக்கப் புல்வெளிகளில் பைசன் என்ற காட்டெருது கோடிக்கணக்கில் மேய்ந்தது ஒரு காலம். தோலுக்காகக் கொன்றார்கள், இரயில் பாதைக்காகக் கொன்றார்கள். அதையே உண்டு, அதன் தோலையே போர்த்தி வாழ்ந்த பூர்வகுடிகளைப் பட்டினி போட்டுப் பணியவைக்கலாம் என்றும் கொன்றார்கள். 1889-இல் ஹார்னடே எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம். அவரே மூன்றாண்டுக்கு முன், அழியும் முன் அருங்காட்சியகத்துக்கு மாதிரி வேண்டுமென்று, இருபதுக்கு மேற்பட்டவற்றைச் சுட்டவர்! பிறகு உயிருள்ளவற்றைச் சேர்த்துப் பிராங்க்ஸில் வளர்த்தார்.

1907 அக்டோபர் 11-ஆம் நாள். ஃபோர்டாம் இரயில் நிலையத்தில் 15 மரப்பெட்டிகள் ஏற்றப்பட்டன. ஒன்பது பசு, ஆறு காளை. ஒரு வாரப் பயணம், ஓக்லஹோமா வரை. இறங்கிய நிலம் யாருடையது? காமான்சி, கியோவா மக்களுடையது. 1901-இல் அந்த நிலத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி வெள்ளைக் குடியேறிகளுக்குப் பங்கு போட்டபோது, மலைப்புறத்தை மட்டும் காடாக ஒதுக்கியிருந்தார்கள். எருதைத் திருப்பித் தந்த அரசு, நிலத்தைத் திருப்பித் தரவில்லை.

செய்தி கேட்டுக் காமான்சி மக்கள் குதிரையேறி வந்து நிலையத்தருகே கூடினார்கள். அவர்களுடைய தலைவர் குவானா பார்க்கரும் வந்தார். கிழவர்கள் எருதைக் கண்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பிள்ளைகள் பார்த்ததே இல்லை. கதையில் கேட்டதோடு சரி. கிழவர்கள் பிள்ளைகளை முன்னே விட்டார்கள், பெட்டியின் பலகை இடுக்கு வழியே பார்க்க.

வண்டிகளில் ஏற்றி மலையடிக்குக் கொண்டுபோய்ப் பெட்டிகளைத் திறந்தார்கள். வேலி அங்கும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்லைச் சுற்றிய வேலி. பதினைந்தும் இறங்கி நின்றன. விசிட்டா மலைப்புறத்தில் இன்று மேய்கிற எருதுக் கூட்டம், ஏறக்குறைய 650.